நுரையீரலின் வழியைக் கண்ட ஆலிம்: அல்லாமா இப்னு நஃபீஸ் (ரஹ்)

அல்ஹம்துலில்லாஹ். புகழ் அனைத்தும் நம்மைப் படைத்து, நாம் கேட்காமலேயே நமக்கு மூச்சுக் காற்றைத் தந்த அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக! ஆமீன்.



ஜும்ஆ தொழுகைக்கு ஸஃப்பில் நிற்கும்போது நீங்கள் கவனித்திருப்பீர்கள். தக்பீர் கட்டியதும் அமைதி வந்துவிடும். அந்த அமைதியில் எங்கோ ஒரு இருமல் கேட்கும். பிறகு இன்னொன்று. சில பேருடைய இருமல் மாதக்கணக்கில் நிற்பதே இல்லை. கேட்டால், பழைய சளிதான் ஹஜ்ரத், அது அப்படித்தான் என்பார்கள். அந்த நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணமே நம்மில் பலருக்கு வருவதில்லை.

நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று ஏறத்தாழ 780 ஆண்டுகளுக்கு முன் உட்கார்ந்து யோசித்த ஓர் ஆலிமைப் பற்றித்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். ஷாஃபிஈ மத்ஹபின் ஃபகீஹ் அவர்கள். ஹதீஸ் கலையில் கிதாபு எழுதியவர்கள். நபி (ஸல்) அவர்களின் ஸீரா எழுதியவர்கள். அதோடு, இதயத்திலிருந்து இரத்தம் நுரையீரலுக்குப் போய்த் திரும்பி வருகிறது என்று முதன்முதலில் தெளிவாக எழுதி வைத்த மருத்துவரும் அவர்களே. அவர்கள்தான் அல்லாமா அலாவுத்தீன் இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்கள்.

டமாஸ்கஸில் ஒரு மாணவர்

ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஈஸவி 1210ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஷாம் நாட்டில் டமாஸ்கஸ் பகுதியில் அவர்கள் பிறந்தார்கள். அலீ என்பது பெயர். அல்-கரஷீ என்பது அவர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் நிஸ்பத்.

அந்தக் காலத்து டமாஸ்கஸில் நூரீ மருத்துவமனை என்று ஒன்று இருந்தது. சிலுவைப் போர்க் காலத்தில் சுல்தான் நூருத்தீன் ஸன்கீ (ரஹ்) அவர்கள் 1154ஐ ஒட்டிக் கட்டியது. நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் இடமாக மட்டுமன்றி, மாணவர்கள் படுக்கைக்குப் படுக்கை நடந்து, ஆசிரியர் நோயாளியைப் பார்க்கும் விதத்தைப் பார்த்துப் பாடம் படிக்கும் இடமாகவும் அது இருந்தது. இன்றைய மருத்துவக் கல்லூரி மாணவர்கள் வார்டில் பேராசிரியரின் பின்னால் போகிறார்களே, அதே முறைதான்.

அங்கே அவர்களின் உஸ்தாத் முஹத்தபுத்தீன் அத்-தக்வார். பெரிய மருத்துவர். இந்த உஸ்தாதைப் பற்றி ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அவர் தமது வீட்டையே மருத்துவ மத்ரஸாவாக வக்ஃபு செய்துவிட்டார். தம் காலத்திற்குப் பிறகும் அந்த வீட்டில் மாணவர்கள் உட்கார்ந்து மருத்துவம் ஓத வேண்டும் என்பதே அவருடைய நிய்யத்து.

இளமையிலேயே இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்கள் மிஸ்ருக்குப் புறப்பட்டார்கள். கெய்ரோவில் மருத்துவமனைப் பணி கிடைத்தது. படிப்படியாக உயர்ந்து, நாட்டின் தலைமை மருத்துவர் என்ற இடம் வரை போனார்கள்.

ஒரு கையில் ஃபிக்ஹ், ஒரு கையில் மருத்துவம்

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கெய்ரோவில் அவர்கள் மருத்துவம் மட்டும் பார்க்கவில்லை. மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹும் நடத்தினார்கள். நம் அரபுக் கல்லூரிகளில் பெயர் அறியப்பட்ட அத்-தன்பீஹ் என்ற ஃபிக்ஹு கிதாபின் ஒரு பகுதிக்கு ஷரஹ் எழுதினார்கள். உஸூலுல் ஹதீஸில் ஒரு சுருக்க நூல் எழுதினார்கள். ஷாஃபிஈ உலமாக்களின் வரலாற்றைத் தொகுத்த இமாம் தாஜுத்தீன் அஸ்-சுப்கீ (ரஹ்) அவர்கள், தம் தபகாத்தில் இந்த மருத்துவரையும் ஓர் ஆலிமாகச் சேர்த்திருக்கிறார்கள்.

இன்று நம் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். மார்க்கம் படிக்கிற பிள்ளை ஒரு பக்கம், டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை ஒரு பக்கம். ஒருவர் படிப்பு மற்றவருக்குத் தெரியாது. இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்களின் வாழ்க்கையில் இந்தச் சுவர் இல்லை. காலையில் மருத்துவமனையில் நாடி பார்த்த கை, பிறகு மத்ரஸாவில் கிதாபைத் திறந்தது.

இந்த இரண்டும் சேர்ந்திருந்ததால்தான் அந்தப் பெரிய கண்டுபிடிப்பும் நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

ஆயிரம் ஆண்டு நம்பிக்கை

கிரேக்க மருத்துவர் கேலன் ஈஸவி இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அரபு கிதாபுகளில் ஜாலீனூஸ் என்று வருவார். மருத்துவ உலகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அவர் சொன்னதை ஏற்று நடந்தது.

இதயத்தில் வலது பக்கம் ஓர் அறை, இடது பக்கம் ஓர் அறை. நடுவில் தடித்த சுவர். வலது அறையில் இருக்கும் இரத்தம் இடது அறைக்கு எப்படிப் போகிறது? இதுதான் கேள்வி. கேலன் சொன்ன பதில், நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் இருக்கின்றன, அவற்றின் வழியாக இரத்தம் கசிந்து போகிறது என்பது.

பிறகு வந்த அறிஞர்களின் தலைவர் இப்னு ஸீனா. அவருடைய அல்-கானூன் என்ற நூல் கிழக்கிலும் மேற்கிலும் பாடநூலாக இருந்தது. அவரும் பெரும்பாலும் கேலனின் வழியிலேயே போனார். இதயத்தில் மூன்று அறைகள் உண்டு என்ற பழைய கருத்தையும் அவர் எழுதி வைத்தார்.

இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்களுக்கு ஏறத்தாழ முப்பது வயது. 1242ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 640. இப்னு ஸீனாவின் கானூனில் உடற்கூறு பற்றி வரும் பகுதிகளை மட்டும் எடுத்து அவற்றுக்கு ஒரு ஷரஹ் எழுதுகிறார்கள். அந்த ஷரஹில்தான் மறுப்பு வருகிறது.

இதயத்தின் நடுச்சுவர் கெட்டியானது, தடித்தது. அதில் கண்ணுக்குத் தெரியும் துளையும் இல்லை, தெரியாத துளையும் இல்லை. ஆகவே இரத்தம் அந்த வழியாகப் போக முடியாது. அப்படியானால் வேறு வழி இருந்தாக வேண்டும். வலது அறையிலிருந்து இரத்தம் ஒரு பெரிய குழாய் வழியாக நுரையீரலுக்குப் போகிறது. அங்கே பரவுகிறது. காற்றோடு கலக்கிறது. பிறகு இன்னொரு குழாய் வழியாக இதயத்தின் இடது அறைக்குத் திரும்புகிறது. இதயத்தில் அறைகள் இரண்டுதான், மூன்று அல்ல. இதுதான் அவர்கள் எழுதியதன் சாரம்.

அதோடு நிற்கவில்லை. நுரையீரலுக்குப் போகும் குழாயின் சுவர் ஏன் தடிமனாக இருக்கிறது, திரும்பி வரும் குழாயின் சுவர் ஏன் மெல்லியதாக இருக்கிறது என்றும் காரணம் தேடினார்கள். இரண்டு குழாய்களுக்கும் இடையே நுண்ணிய வழிகள் இருக்க வேண்டும் என்றார்கள். நானூறு ஆண்டுகள் கழித்து, 1661இல், இத்தாலியில் மால்பிகி என்பவர் நுண்ணோக்கியில் தவளையின் நுரையீரலைப் பார்த்து அந்த நுண்குழாய்களைக் கண்டார். இதயத்துக்கு வேண்டிய சத்து, அதன் தசைக்குள் ஓடும் இரத்தக் குழாய்களிலிருந்து கிடைக்கிறது என்றும் இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்கள் எழுதினார்கள். இன்று அடைப்பு என்று ஆஞ்சியோ எடுத்துப் பார்க்கிறார்களே, அந்தக் குழாய்களைப் பற்றித்தான்.

மறுப்பிலும் அதபு

இந்த மறுப்பு எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். இப்னு ஸீனாவை அவர்கள் இகழவில்லை. அவருடைய கிதாபையே மத்னாக வைத்துக்கொண்டு ஷரஹ் எழுதினார்கள். நம் மத்ரஸாக்களில் ஃபிக்ஹு கிதாபு ஓதியவர்களுக்கு இந்த முறை தெரியும். மத்னில் ஒரு கூற்று இருக்கும். ஷாரிஹ் அதை விளக்குவார். ஆதாரம் பலவீனமாக இருந்தால், இமாமின் கண்ணியத்தைக் காத்துக்கொண்டே, இந்த இடத்தில் சரியான கூற்று இது என்பார். ஃபிக்ஹில் படித்த அந்த அதபை அவர்கள் மருத்துவத்திலும் கடைப்பிடித்தார்கள். பெரியவர் சொன்னார் என்பதற்காகக் கண்ணை மூடவும் இல்லை, பெரியவரைக் கீழே தள்ளவும் இல்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம்மவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் மிகைப்படுத்தக் கூடாது. அவர்கள் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடவில்லை. உடல் முழுவதும் இரத்தம் சுற்றி வருவதை நிறுவியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, 1628இல். காற்றில் எந்தப் பொருள் இரத்தத்தில் கலக்கிறது என்பது இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்களுக்குத் தெரியாது. இதயத்தின் இடது அறையில் உயிர் ஆவி உண்டாகிறது என்ற பழைய கருத்தை அவர்களும் வைத்திருந்தார்கள். மனித உடலை அறுத்துப் பார்ப்பதை ஷரீஅத்தும், தம் மனதில் உள்ள இரக்கமும் தடுப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். இத்தனை எல்லைகளுக்குள் நின்றுகொண்டு, நடுச்சுவரைப் பற்றி அவர்கள் சொன்னது சரியாக இருந்தது.

ஹம்மாமிலிருந்து எழுந்து வந்தவர்

அவர்கள் எழுதும் விதத்தை வரலாற்று ஆசிரியர்கள் வியந்து பதிவு செய்திருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் பக்கத்தில் நாணல் பேனாக்களை முன்கூட்டியே சீவி அடுக்கி வைத்துவிடுவார்களாம். முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். வேறு கிதாபு எதையும் திறந்து பார்க்காமல், மனதில் உள்ளதை வெள்ளம் போல் எழுதிக்கொண்டே போவார்கள். ஒரு பேனா மழுங்கினால் அதை எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். சீவிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும் அல்லவா!

ஒருநாள் ஹம்மாமில் குளித்துக்கொண்டிருந்தார்கள். பாதிக் குளியலில் எழுந்து வெளியே வந்து, தாளும் மையும் பேனாவும் கேட்டு வாங்கி, நாடித் துடிப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி முடித்துவிட்டு, திரும்பப் போய்க் குளியலை முடித்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

அஷ்-ஷாமில் என்ற பெயரில் மருத்துவக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொடங்கினார்கள். 300 பாகங்கள் எழுதுவது திட்டம். மௌத்து வரும்போது 80 பாகங்கள் முடிந்திருந்தன. எண்பது வயதை நெருங்கும் மனிதர், முடிக்க முடியாது என்று தெரிந்த வேலையைத் தொடர்ந்து செய்திருக்கிறார். நமக்கு ஓய்வு கிடைத்தால் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த ஒரு செய்தி போதும், நாம் வெட்கப்பட.

காலம் அமைதியான காலமாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 1258இல் தாத்தாரியர்கள் பக்தாதை அழித்தார்கள். 1260இல் அவர்களின் படை டமாஸ்கஸுக்குள் நுழைந்தது. ஐன் ஜாலூத்தில் மிஸ்ரின் படை அவர்களைத் தடுத்து நிறுத்தும் வரை, அடுத்தது கெய்ரோதான் என்று மக்கள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நடுக்கத்தின் நடுவில் கெய்ரோவில் மருத்துவமனைகள் நடந்தன, பாடம் நடந்தது, கிதாபுகள் எழுதப்பட்டன.

உணவு முதலில், மருந்து பிறகு

சிகிச்சையில் அவர்களுக்கு ஒரு கொள்கை இருந்தது. உணவை மாற்றிக் குணப்படுத்த முடிந்தால் மருந்து கொடுக்க மாட்டார்கள். மருந்து தேவைப்பட்டால், ஒரே மூலப்பொருள் போதும் என்றால் பல பொருள் சேர்ந்த கலவையைக் கொடுக்க மாட்டார்கள். இதனால் சில மருந்து வியாபாரிகளுக்கு அவர்கள் மேல் வருத்தம் இருந்திருந்தால் ஆச்சரியமில்லை.

இதை வாசித்துவிட்டு, அப்படியானால் நமக்கும் மருந்து வேண்டாம், கஷாயமும் கருஞ்சீரகமும் போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த நோய்க்கு உணவு போதும், எந்த நோய்க்கு மருந்து கட்டாயம் என்று பிரித்துப் பார்க்கிற இல்மு அவர்களிடம் இருந்தது. அந்தப் பிரித்தறிதல்தான் மருத்துவம். கருஞ்சீரகத்தின் பரக்கத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் காசநோய்க் கிருமிக்கு அதற்கென்று உள்ள மாத்திரையைச் சாப்பிடாமல் இருப்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நோய்க்கு மருந்து தேடச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்.

சுல்தானின் நேர்ச்சை

இப்போது மன்ஸூரீ மருத்துவமனைக்கு வருவோம். கலாவூன் என்ற தளபதி டமாஸ்கஸில் நோயுற்றார். நூரீ மருத்துவமனையிலிருந்து கொண்டுவரப்பட்ட மருந்துகளால் அல்லாஹ் அவருக்கு ஷிஃபா கொடுத்தான். அல்லாஹ் எனக்கு ஆட்சியைத் தந்தால் இதுபோல ஒரு மருத்துவமனை கட்டுவேன் என்று நேர்ச்சை செய்தார். பிறகு அவர் மிஸ்ரின் சுல்தானாக ஆனார். நேர்ச்சையை மறக்கவில்லை. 1284ஐ ஒட்டி கெய்ரோவின் நடுவில் அந்த மருத்துவமனை எழுந்தது.

காய்ச்சலுக்கு ஒரு பகுதி, கண் நோய்க்கு ஒரு பகுதி, அறுவை சிகிச்சைக்கு ஒரு பகுதி, வயிற்றுப்போக்குக்கு ஒரு பகுதி, பெண்களுக்குத் தனிப் பகுதி. ஏழை, பணக்காரர் என்ற பாகுபாடு இல்லாமல் வருகிற எல்லோருக்கும் சிகிச்சை. செலவுக்குக் கடைகளும் நிலங்களும் வக்ஃபு செய்யப்பட்டிருந்தன. அந்த வளாகத்தின் கட்டடங்கள் இன்றும் கெய்ரோவின் முயிஸ் தெருவில் நிற்கின்றன. உம்ராவுக்குப் போகிற வழியில் மிஸ்ரைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் அந்த வாசலில் கொஞ்சம் நின்று பாருங்கள்.

டமாஸ்கஸில் ஒரு சுல்தான் கட்டிய மருத்துவமனை, நூறு ஆண்டுகள் கழித்து இன்னொரு சுல்தானைக் குணப்படுத்தி, இன்னொரு ஊரில் மருத்துவமனையாகப் பிறந்தது. ஸதகத்துல் ஜாரியா என்று சொல்கிறோமே, அது இப்படித்தான் ஓடும்.

கடைசி நாட்கள்

ஹிஜ்ரி 687. துல்கஃதா மாதம். ஏறத்தாழ எண்பது வயதில் இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்கள் படுத்த படுக்கையானார்கள். நிலைமை மோசமானதும், உடன் இருந்த மருத்துவர்கள் மருந்தாகக் கொஞ்சம் மது அருந்தச் சொன்னார்கள். அந்தக் காலத்து மருத்துவத்தில் மது மருந்தாகக் கருதப்பட்டது. அவர்கள் மறுத்துவிட்டார்கள். உடலில் மது இருக்கும் நிலையில் என் ரப்பைச் சந்திக்க மாட்டேன் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள்.

இந்தச் செய்தியைச் சிலர் தவறாகப் பயன்படுத்துவார்கள். ஆகவே கவனமாகப் பாருங்கள். மறுத்தவர் நாட்டின் தலைமை மருத்துவர். தம் உடலின் நிலை என்ன, அந்த மது தமக்கு என்ன செய்யும், என்ன செய்யாது என்று அறிந்தவர். அவர்கள் மறுத்தது ஹராமான ஒரு பொருளை. சிகிச்சையை அல்ல. வாழ்நாள் முழுவதும் பிறருக்குச் சிகிச்சை செய்தவர்கள் அவர்கள். உங்கள் மருந்தில் ஏதேனும் சந்தேகம் இருந்தால், மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் கேளுங்கள், மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள், உங்கள் ஊர் ஆலிமிடமும் கேளுங்கள். உயிரைக் காக்கும் விஷயத்தில் மார்க்கம் எவ்வளவு விசாலமானது என்பதை அவர் விளக்குவார்.

துல்கஃதா பிறை 21, 1288 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை அவர்கள் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

உஸ்தாதைப் பற்றிய செய்தியை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? மாணவரும் அதையே செய்தார்கள். தம் வீட்டையும், வாழ்நாளெல்லாம் சேர்த்த கிதாபுகளையும், சொத்தையும் மன்ஸூரீ மருத்துவமனைக்கே வக்ஃபு செய்துவிட்டார்கள். டமாஸ்கஸில் உஸ்தாதிடம் பார்த்தது கெய்ரோவில் பலன் தந்தது. பாடத்தை மட்டுமன்றி, உஸ்தாதின் அமலையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள்.

மறந்துபோன கிதாபு

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு என்ன ஆனது? நாம் வருந்த வேண்டிய இடம் இதுதான். பெரும்பாலோர் அதை மறந்துவிட்டார்கள். அவர்களின் மற்ற நூல்கள், குறிப்பாகக் கானூனின் சுருக்கமான அல்-மூஜஸ், நம் இந்திய யூனானி மருத்துவர்கள் வரை வந்து பாடமாக இருந்தது. ஆனால் நுரையீரலைப் பற்றிய அந்தச் சில பக்கங்கள் நூலகங்களில் தூங்கின.

ஐரோப்பாவில் 1553இல் மைக்கேல் செர்வெட்டஸும், 1559இல் ரியால்டோ கொலம்போவும் இதே வழியை எழுதினார்கள். கண்டுபிடித்த பெருமை அவர்களுக்கே போனது. 1924இல், ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் படித்த முஹ்யித்தீன் அத்-ததாவீ என்ற மிஸ்ரு நாட்டு மருத்துவர், பெர்லின் நூலகத்தில் இருந்த கையெழுத்துப் பிரதியை வாசித்து, இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்கள் இதை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டதை உலகுக்குச் சொன்னார். முதலில் அவருடைய ஆசிரியர்களுக்கே நம்ப முடியவில்லை. அரபு அறிந்த மாக்ஸ் மேயர்ஹாஃப் என்ற மருத்துவ வரலாற்று ஆசிரியரிடம் அனுப்பிக் கேட்டார்கள். அவர் பார்த்து உறுதி செய்த பிறகுதான் ஏற்றார்கள்.

பிறர் திருடிவிட்டார்கள் என்று கோபப்படுவது எளிது. நம்மிடம் இருந்த கிதாபை நாமே ஏன் திறக்கவில்லை என்று கேட்பதுதான் கடினம்.

அந்த வழியில்தான் மருந்து போகிறது

நுரையீரலுக்குப் போகும் இந்த வழி தெரிந்ததால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது, நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உங்கள் நுரையீரல் வழியாகப் போகிறது. காலில் உறைந்த இரத்தக் கட்டி கழன்றால் ஏன் நுரையீரலில் போய் அடைக்கிறது? இதயத்தின் இடது பக்கம் பலவீனமானால் ஏன் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்குகிறது? விழுங்கிய மாத்திரை வயிற்றுக்குப் போக, நெஞ்சில் உள்ள கிருமி எப்படிச் சாகிறது? எல்லாவற்றுக்கும் விடை அந்த ஒரே வழிதான். இதயத்தின் வலது பக்கத்திலிருந்து நுரையீரல், அங்கிருந்து இடது பக்கம்.

இதில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து நடத்தின. அன்று காசநோய் வந்தால் சானடோரியத்தில் சேர வேண்டும், நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு வேண்டும் என்பது உலகத்தின் நம்பிக்கை. ஏழைகளுக்குப் படுக்கை எங்கே கிடைக்கும்?

சென்னையின் நெருக்கடியான பகுதிகளில் வாழ்ந்த 190க்கும் மேற்பட்ட ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில், மறு பகுதியினர் தங்கள் சொந்த வீட்டில். இரு சாராருக்கும் அதே மாத்திரைகள், ஓர் ஆண்டு. 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதுதான் முக்கியம், படுக்கை அல்ல என்று உலகம் கற்றுக்கொண்டது. உலகெங்கும் ஏழைகள் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகும் வழி பிறந்தது. பெரியவர்கள் சொன்னதை அப்படியே ஏற்காமல் சோதித்துப் பார்த்ததால் கிடைத்த நன்மை இதுவும்.

நாம் செய்ய வேண்டியது

சகோதரர்களே, சகோதரிகளே! இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்களைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்து போவதில் பயனில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், மாலையில் காய்ச்சல், எடை குறைவு, சளியில் இரத்தம் இருந்தால், அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். கட்டணம் இல்லை. காசநோய் என்று தெரிந்தால் மருந்தும் இலவசம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை. இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், உடம்பு தேறிவிடும். அங்கேதான் ஷைத்தான் வருவான், போதும் என்பான். பாதியில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமி மருந்துக்குப் பழகிவிடுகிறது. பிறகு அதே மருந்து வேலை செய்யாது. அது உங்களோடு நிற்காது, உங்கள் பிள்ளைக்கும் பக்கத்து ஸஃப்பில் நிற்பவருக்கும் போகும். பிறருக்குத் தீங்கு செய்யாதிருப்பது நம் மார்க்கத்தின் அடிப்படை.

பெண் பிள்ளைக்கு வரன் பார்க்கிறோம், டி.பி. என்று தெரிந்தால் யார் வருவார்கள் என்று மறைக்கிற குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் உண்டு. மறைத்ததால் அந்தப் பெண் மருந்தில்லாமல் உருகுகிறாள். குணமாகும் நோயை மானக்கேடாக ஆக்கியது நாம்தான். நோயைச் சொன்னவரை இழிவாகப் பார்க்காதீர்கள். அவர் வீட்டுக்குப் போய் நலம் விசாரியுங்கள், சத்துணவுக்கு உதவுங்கள். நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத் என்பது உங்களுக்குத் தெரியும்.

மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு மருத்துவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால், பழகிவிடும் என்று பயந்து ஒதுக்கி வைக்காதீர்கள். மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதற்கான வழி அது. பீடி, சிகரெட் பிடிக்கிற தந்தைமார்களே, பள்ளியின் வாசல் வரை அதைக் கையில் பிடித்து வந்து, வாசலில் நசுக்கிவிட்டு உள்ளே வருகிறீர்கள். அல்லாஹ் உங்களிடம் அமானிதமாகத் தந்த நுரையீரலைத் திருப்பிக் கொடுக்கும் நாள் ஒன்று இருக்கிறது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். முன்னோர் வக்ஃபு செய்த சொத்து நம் பள்ளிகளிடம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது அரசு மருத்துவர்களை அழைத்துப் பள்ளி வளாகத்தில் நெஞ்சுப் பரிசோதனை முகாம் நடத்துங்கள். மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகளில் ஒருவரையாவது மருத்துவம் படிக்க வையுங்கள். அந்தப் பிள்ளை ஃபிக்ஹும் ஓதட்டும், நாடியும் பார்க்கட்டும்.

யா அல்லாஹ்! அல்லாமா இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்களின் கப்ரை ஒளியாக்குவாயாக! அவர்கள் விட்டுச் சென்ற இல்மின் நன்மையை கியாமத் நாள் வரை அவர்களுக்குச் சேர்ப்பாயாக! எங்கள் மஹல்லாவில் நெஞ்சு நோயால் வாடுகிற ஒவ்வொருவருக்கும் முழுமையான ஷிஃபாவைத் தருவாயாக! அவர்களுக்குச் சிகிச்சை செய்கிற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் அருள் புரிவாயாக! நாங்கள் விடுகிற ஒவ்வொரு மூச்சுக்கும் நன்றி செலுத்துகிற கூட்டத்தில் எங்களை ஆக்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.